பாக்குலோவைரஸ் மரபணு ஒப்பீடு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பூச்சியைத் தாக்கும் வைரஸின் ஜீனோமைப் படித்து, மரபணுக்களைப் பட்டியலிட்டு, தெரிந்த வைரஸ்களோடு ஒப்பிடும் வேலையில் பிழை தலைகாட்டும் இடம் ஒன்று, பிறந்த இடம் வேறொன்று. பரிணாம மரத்தில் கிளை தப்பான இடத்தில் நிற்கும். தேடிப்போனால் பிரைமர் துண்டை, அதாவது பிசிஆர் முறையில் டிஎன்ஏவைப் பெருக்கத் தொடங்கிவைக்கும் குட்டி வரிசையை, வெட்டாமல் விட்டது தெரியவரும். மரபணு ஒன்று காணாமல் போயிருக்கும். தேடும் கருவியே அதை மறைத்திருக்கும். அதனால் வேலை நடக்கும் வரிசையை விட்டுவிட்டு, கண்ணில் படும் அறிகுறியைத் தலைப்பாக வைத்திருக்கிறோம். பேச்சு பெரும்பாலும் என்பிவி (நியூக்ளியோபாலிஹெட்ரோவைரஸ்), ஜிவி (கிரானுலோவைரஸ்) ஆகிய பாக்குலோவைரஸ்கள், அதாவது பூச்சிகளைத் தாக்கும் ஒரு டிஎன்ஏ வைரஸ் குடும்பம், பற்றியது.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில எண்களைக் கையருகே வைத்துக்கொள்ளுங்கள். ஏசிஎம்என்பிவி-யின் (ஆட்டோகிராஃபா கலிஃபோர்னிக்கா அந்துப்பூச்சியின் என்பிவி) சி6 வகை 133,894 கார இணை (டிஎன்ஏ எழுத்து ஜோடி). 1994-இல் முழுதாக வெளியானது. பட்டுப்புழு என்பிவி டி3 வகை 128,413. பச்சைக்காய்ப்புழு என்பிவி ஜி4 வகை 131,403. ஜிப்சி அந்துப்பூச்சி என்பிவி 161,046. பெரிய கோடியில் செஸ்டியா ஜிவி 178,733. சின்னக் கோடியில் நியோடிப்ரியான் லெகாண்டை என்பிவி 81,755. உங்கள் ஜீனோம் இந்த எல்லைக்கு வெளியே விழுந்தால் மரபணு எண்ணுவதை நிறுத்திவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள்.

பாலிஹெட்ரா நிறையத் தெரிகிறது, பிசிஆரில் பட்டை வரவில்லை

பட்டை என்பது ஜெல்லில் தெரியும் டிஎன்ஏ கோடு. அது வராவிட்டால், டிஎன்ஏ வெளியே வந்ததா என்பதே முதல் கேள்வி. பாலிஹெட்ரா என்பது வைரஸ் துகள்களைப் பொதிந்துவைக்கும் புரதப் படிகம். செல்லை உடைக்கும் சாதாரண லைசிஸ் கரைசலுக்கு அது மசியாது, காரத்தில்தான் கரையும். சுத்தம் செய்த பாலிஹெட்ராவில் இறுதிச் செறிவு 0.1 மோலார் வரும்படி சோடியம் கார்பனேட் சேர்த்து, 37 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள். பால்போலக் கலங்கியிருந்த கரைசல் தெளிய வேண்டும். தெளியாவிட்டால் கார்பனேட் கரைசலின் பிஹெச்சை அளந்து பாருங்கள். 11-ஐ ஒட்டி இருக்க வேண்டும். இறங்கியிருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகத் தயாரியுங்கள். தெளிந்தபின் பிஹெச்சை 8-க்கு இறக்கி, எஸ்டிஎஸ் (சலவைப் பொருள்) 1 சதவீதமும் புரதத்தை அரிக்கும் புரோட்டினேஸ் கே மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராமும் சேர்த்து, பிறகு பீனால்-குளோரோஃபார்ம்.

டிஎன்ஏ கிடைத்தும் பட்டை இல்லை, கரைசலில் பழுப்புச் சாயல் தெரிகிறது என்றால் அது புழு உடலின் மெலனின், பிசிஆரை முடக்கிவிடும். அதே டிஎன்ஏவைப் பத்து மடங்கும் நூறு மடங்கும் நீர்த்து மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள். நீர்த்ததில் பட்டை வந்து, நீர்க்காததில் வராவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது. புழு செத்துக் கருத்து உருகும்வரை காத்திருந்து சேகரித்தால் மெலனினும் பாக்டீரியாவும் கூடும். உருகுவதற்குச் சற்று முன்பே எடுப்பது நல்லது.

இரண்டும் இல்லையா? அப்படியானால் அது பாக்குலோவைரஸே அல்லாமல் இருக்கலாம். சைப்போவைரஸும் பாலிஹெட்ரா செய்யும். அதன் ஜீனோம் பத்துத் துண்டு இரட்டையிழை ஆர்என்ஏ. அதன் பாலிஹெட்ரினுக்கும் (பாலிஹெட்ராவைக் கட்டும் புரதம்) பாக்குலோவைரஸ் பாலிஹெட்ரினுக்கும் வரிசையில் உறவே கிடையாது. பிரைமர் எவ்வளவு நெகிழ்வாக இருந்தாலும் ஒட்டாது. புழுவை அறுத்துப் பாருங்கள்: நடுக்குடல் மட்டும் சுண்ணாம்பு பூசினதுபோல வெளுத்து, கொழுப்புத் திசு தெளிவாக இருந்தால் சைப்போவைரஸ் சந்தேகம் வலுக்கும். மொத்த நியூக்ளிக் அமிலத்தில் டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் போட்டு அகரோஸ் ஜெல்லில் ஓட்டினால் ஆர்என்ஏ பட்டைகள் அப்படியே நிற்கும்.

ஜிவி விஷயத்தில் பெரும்பாலும் நடப்பது வேறு. துகள் நீளம் 0.5 மைக்ரோமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். பாலிஹெட்ராவுக்கு வைத்த மெதுவான மையவிலக்குச் சுழற்சியில் அது கீழே இறங்காது. வீழ்படிவில் தேடிக்கொண்டிருப்பீர்கள், வைரஸ் மேல்நீரோடு வாளிக்குப் போயிருக்கும். குறைந்தது 10,000 ஜி (புவியீர்ப்பின் மடங்கு) வேண்டும்.

கான்டிக் ஒன்றாகச் சேரவில்லை. துண்டு துண்டாக வருகிறது

டிஎன்ஏ வாசிக்கும் கருவி தரும் குட்டி வரிசைகள் ரீட்கள். அவற்றை அசெம்ப்ளர் மென்பொருள் ஒட்டித் தரும் நீள வரிசை கான்டிக். ரீட் குறைவாக இருப்பதைவிட மிதமிஞ்சி இருப்பதுதான் இங்கே வழக்கமான குற்றவாளி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 130,000 கார இணை ஜீனோமுக்கு 100 மடங்கு ஆழம் (ஒவ்வொரு எழுத்தையும் சராசரியாக 100 முறை வாசிப்பது) என்றால் 13,000,000 எழுத்துகள். 150 எழுத்து நீள ரீட் ஏறக்குறைய 87,000 போதும். பாக்டீரியாவுக்குச் சொன்ன அளவில் ஆர்டர் கொடுத்தால் பத்து லட்சக்கணக்கில் ரீட் வந்து ஆழம் ஆயிரத்தைத் தாண்டும். அந்த ஆழத்தில் வாசிப்புப் பிழைகளே தமக்குள் ஒத்துப்போய்த் தனிப் பாதையாகத் தெரிய, அசெம்ப்ளர் குழம்பும். தற்செயலாகத் தேர்ந்தெடுத்து 100 முதல் 200 மடங்குக்குக் குறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பாதி நேரம் இதிலேயே சிக்கல் தீர்ந்துவிடும்.

தீராவிட்டால், துண்டுகள் எங்கே முறிகின்றன என்று பாருங்கள். எச்ஆர் என்னும் மீள்வரும் பகுதிகளின் ஓரத்தில் முறிந்தால் அது எதிர்பார்த்ததுதான். ஏசிஎம்என்பிவி-யில் இவை ஜீனோம் நெடுகச் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 30 எழுத்து நீளப் பாலிண்ட்ரோம் (இரு இழையிலும் ஒரேபோல வாசிக்கும்) அலகுகள் திரும்பத் திரும்ப வரும். குட்டை ரீட் அதைத் தாண்டாது. நீளமாக வாசிக்கும் நானோபோர் ரீட் கொஞ்சம் சேர்த்தாலே போதும். இல்லாவிட்டால் இருபக்கமும் பிரைமர் வைத்துப் பெருக்கி, துண்டின் நீளத்தை ஜெல்லில் அளந்து, அசெம்ப்ளர் சொன்ன நீளத்தோடு ஒப்பிடுங்கள். ஜெல்லில் நீளமாக இருந்தால் அசெம்ப்ளர் அலகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துவிட்டது.

ஒரே கான்டிக்காக வந்தாலும் ஒரு பொறி உண்டு. ஜீனோம் வட்டம், கோப்பு நேர்கோடு. ஸ்பேட்ஸ் போன்ற அசெம்ப்ளர்கள் கான்டிக்கின் இரு முனையிலும் ஒரே கே-மெர் (அசெம்ப்ளர் ரீட்களை நறுக்கும் அலகு) நீளத் துண்டை விட்டுவைக்கும். அதை வெட்டாமல் வட்டமாக்கினால் அந்த இடத்தில் 77 அல்லது 127 எழுத்து இரட்டித்து, நடுவில் ஒரு மரபணு இருந்தால் உடைந்துபோகும்.

ஆழ வரைபடத்தில் ஒரு பகுதி மட்டும் சட்டென்று பாதியாகக் குழிந்திருந்தால் அதைப் பிழை என்று மூடிவிடாதீர்கள். வயலிலிருந்து எடுத்த மாதிரி ஒரே வைரஸாக இருப்பது அரிது. ஸ்போடோப்டெரா ஃப்ரூஜிபெர்டா என்பிவி-யின் நிகரகுவா மாதிரியில் பிஃப்-1, பிஃப்-2 மரபணுக்கள் இரண்டும் இல்லாத வகைகள் முழு வகையோடு சேர்ந்தே வாழ்வது தெரிந்த விஷயம். வாய்வழி தொற்றத் தேவையான அந்தப் பிஃப் புரதங்களைப் பக்கத்து வைரஸிடமிருந்து இரவல் வாங்கிக்கொள்கின்றன. குழிவின் ஓரத்தில் பாதியில் வெட்டுண்டு ஒட்டிய ரீட்கள் இரு பக்கமும் ஒரே இடத்தைக் காட்டினால் அது உண்மையான இழப்பு.

ஓஆர்எஃப் எண்ணிக்கை 200-ஐத் தாண்டுகிறது, அல்லது 110-இல் நிற்கிறது

ஓஆர்எஃப் என்பது தொடக்கக் குறியிலிருந்து நிறுத்தக் குறிவரை தடையின்றி ஓடும், மரபணுவாக இருக்கக்கூடிய பகுதி. வழக்கமான என்பிவி-யில் 120 முதல் 165 வரை எதிர்பார்க்கலாம். கூடினால் ஒன்றுக்குள் ஒன்று கிடக்கும் ஓஆர்எஃப்களை வடிகட்டவில்லை என்று பொருள். குறைந்தால் நீள வரம்பு அதிகம், அல்லது பாக்டீரியாவுக்குப் பழகிய கருவியை அப்படியே ஓட்டியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட கருவியான ப்ரோடிகல் இயல்பாக 11-ஆம் மரபுக் குறியீட்டை எடுத்துக்கொள்ளும். ஜிடிஜி, டிடிஜி எல்லாம் தொடக்கமாக ஏற்கும். ரைபோசோம் ஒட்டும் பாக்டீரியக் குறியைத் தேடும். பாக்குலோவைரஸுக்கு அந்தக் குறியும் இல்லை, அந்தத் தொடக்கமும் இல்லை. 1-ஆம் குறியீடு, ஏடிஜி தொடக்கம் மட்டும், குறைந்தது 50 கோடான் (மூன்றெழுத்துக் குறி) என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஓஆர்எஃப்களின் மேற்படிவு சிறிதாக இருந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். முழுதாக உள்ளே கிடப்பதற்கு வேறு வைரஸில் ஒத்த மரபணு இருந்தால் மட்டும் இடம் கொடுங்கள்.

ஒரே மரபணுவுக்கு இரண்டு ஏடிஜி போட்டியிட்டால், முதல் ஏடிஜிதான் என்று கண்ணை மூடி எடுக்க வேண்டாம். மேலே 150 எழுத்துக்குள் டிஏஏஜி இருக்கிறதா பாருங்கள். தொற்றின் பிந்தைய நிலை மரபணுக்களின் படியெடுப்பு அந்த நான்கெழுத்துக்குள்ளேதான் தொடங்கும். டிஏஏஜி இரண்டு ஏடிஜிக்கும் நடுவில் விழுந்தால் முதல் ஏடிஜி அந்தப் படியில் இடம்பெறவே பெறாது.

ஒரு மரபணு இரண்டு துண்டாகத் தெரிகிறது

மூன்று காரணம், மூன்றுக்கும் முகம் வேறு. முறிந்த இடத்தில் ஏ அல்லது டி ஆறேழு வரிசையாக நின்றால் அது நானோபோர் வாசிப்புப் பிழை. குட்டை ரீட் வைத்துத் திருத்தினால் இரண்டு துண்டும் சேர்ந்துவிடும்.

முறிந்த இடத்தில் ஏறக்குறைய 2,500 எழுத்து அந்நியத் துண்டு புகுந்து, இருபக்கமும் டிடிஏஏ இருந்தால் அது புழுவின் தாவும் மரபணு. எஃப்பி25கே மரபணு, அதாவது ஏசி61 (ஏசிஎம்என்பிவி-யின் 61-ஆம் ஓஆர்எஃப்), இதற்குப் பேர்போன இடம். செல் வளர்ப்பில் பலமுறை கடத்திய வைரஸில் பிக்கிபேக் போன்ற தாவும் மரபணுக்கள் அங்கே உட்காரும், பாலிஹெட்ரா குறையும். இதைத் திருத்த முயலக் கூடாது. அது அந்த மாதிரியின் உண்மை. இன விவரிப்புக்கு மட்டும் புழுவிலிருந்து நேரடியாக எடுத்த டிஎன்ஏவுக்குத் திரும்புங்கள்.

மூன்றாவது ஐஇ-0. இது ஆர்என்ஏ நிலையில் வெட்டி ஒட்டப்படும் மரபணு. முதல் துண்டு ஏசி141 பக்கம், மிச்சம் பல ஆயிரம் எழுத்து தள்ளி ஐஇ-1-இல், அதாவது ஏசி147-இல். ஐஇ-1-இன் முன்னால் 54 அமினோ அமிலம் கூடினால் ஐஇ-0. எந்த ஓஆர்எஃப் கருவியும் இதைத் தானாகப் பிடிக்காது. கையால் எழுத வேண்டியதுதான்.

கோர் மரபணு ஒன்று காணவில்லை

அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். எல்லா பாக்குலோவைரஸிலும் இருக்கும் கோர் மரபணுக்கள் 38 என்று கணக்கு. உங்கள் பட்டியலில் 36 வந்தால், வைரஸ் இரண்டை இழந்தது என்று எழுதும் முன் தேடிய விதத்தைச் சந்தேகியுங்கள்.

முதலில் பெயர். ஒரே மரபணுவுக்கு இரண்டு மூன்று பெயர் உண்டு. பி74-தான் பிஃப்-0. ஓடிவி-ஈ56-தான் பிஃப்-5. விபி91-தான் பிஃப்-8. ஏசி68 என்று பழைய பதிவில் இருப்பது பிஃப்-6, ஏசி96 பிஃப்-4, ஏசி110 பிஃப்-7. பெயரை வைத்து இரண்டு பட்டியலைப் பொருத்தினால் ஒரே ஆள் ஒரு பக்கம் ‘காணவில்லை’, மறுபக்கம் ‘புதியவர்’ என்று இரண்டு முறை வருவார். ஏசி எண்ணுக்கு மாற்றிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

அடுத்தது தேடல். பி6.9-ஐ எடுத்துக்கொள்வோம். ஏசிஎம்என்பிவி-யில் அது வெறும் 55 அமினோ அமிலம். டிஎன்ஏவைச் சுருட்டிவைக்கும் புரதம், ஆர்ஜினினும் செரினும் அடுக்கியது. நீள வரம்பு 100 அமினோ அமிலம் என்றால் ஓஆர்எஃப் பட்டியலிலேயே வராது. வந்தாலும், வரிசை ஒப்பிடும் பிளாஸ்ட் கருவிக்கு ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் வரிசை குப்பை மாதிரி தெரியும். பிளாஸ்டின் டிபிளாஸ்ட்என் கட்டளை வடிவில் செக் வடிகட்டி (எளிய வரிசைகளை மறைப்பது) இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும், பி6.9 மொத்தத்தையும் அது எக்ஸ் எழுத்தாக மாற்றிவிட்டு, ஒத்தது எதுவும் இல்லை என்று சொல்லும். செய்ய வேண்டியது:

1. செக் வடிகட்டியை அணையுங்கள்.
2. கலவைசார் புள்ளியியலை 0 ஆக்குங்கள். ஆர்ஜினின் மிகுதிக்காக மதிப்பெண்ணைக் குறைப்பது இதுதான்.
3. இ-மதிப்பு (தற்செயலாக இத்தனை பொருத்தம் வரலாம் என்ற எண்ணிக்கை) வரம்பை 10-க்கு உயர்த்துங்கள். 55 அமினோ அமிலத்தில் பத்தின் அடுக்கு கழித்தல் ஐம்பது என்றெல்லாம் கிடைக்காது.
4. கிடைத்த பல பலவீனப் பொருத்தங்களில் எது சரி என்று அக்கம்பக்கம் விசாரியுங்கள்.

நான்காவதுதான் முடிவு சொல்வது. ஹெலிகேஸ், பிஃப்-4, 38கே, லெஃப்-5 ஆகிய நான்கும் ஏசி95 முதல் ஏசி99 வரை ஒரே கொத்தாக இருக்கின்றன. இந்தக் கொத்து எல்லா பாக்குலோவைரஸிலும் கலையாமல் நிற்கிறது. ஏசிஎம்என்பிவி-யில் லெஃப்-5-க்கு அடுத்த வீடு பி6.9. ஆக, நெருங்கிய வைரஸ் என்றால் லெஃப்-5-ஐப் பிடித்து, பக்கத்தில் இருக்கும் குட்டி ஓஆர்எஃப்பை மொழிபெயர்த்துப் பார்த்தால் போதும். ஆர் எழுத்து வரிசை கட்டி நின்றால் அதுதான். பி10-உம் ஓடிவி-ஈ18-உம் இதே மாதிரி ஒளிந்துகொள்ளும் ஆட்கள். ஒன்றை பி74-இன் பக்கத்திலும் மற்றதை ஓடிவி-ஈசி27-இன் பக்கத்திலும் தேடுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் இல்லை என்றால், இல்லாமல் இருப்பதே இயல்பா என்று பாருங்கள். ஜிபி64, அதாவது செல்லுக்குள் நுழைய உதவும் உறைப் புரதம், முதல் குழு ஆல்ஃபாபாக்குலோவைரஸில் (அந்துப்பூச்சி என்பிவி-களில்) மட்டும் எதிர்பார்க்க வேண்டியது. இரண்டாம் குழுவில் அந்த வேலையை எஃப் புரதம் செய்கிறது. ரம்ப ஈக்களைத் தாக்கும் காமாபாக்குலோவைரஸில் இரண்டுமே இல்லை. செத்த புழுவின் உடலைக் கரைக்கும் கைட்டினேஸ், வி-கேத் இரண்டும் கோர் மரபணு அல்ல. ஆன்டிகார்சியா என்பிவி-யில் இரண்டும் இல்லை. அதனால் செத்த புழு உருகி வழிவதில்லை. பிரேசிலின் சோயா வயல்களில் செத்த புழுக்களைக் கையால் பொறுக்கி வைரஸ் தயாரிக்க முடிந்ததற்கு இது பெரிய வசதி. உங்கள் மாதிரியிலும் இவ்விரண்டும் காணோம் என்றால், புழு எப்படிச் செத்தது என்ற குறிப்பைப் புரட்டிப் பாருங்கள். உருகி ஒழுகியது என்று எழுதியிருந்தால் அசெம்ப்ளி மேல்தான் சந்தேகம் போக வேண்டும்.

பாலிஹெட்ரின் இல்லை, கோர் மரபணுக்களில் பாதிக்குச் சற்று மேல் மட்டுமே கிடைத்திருக்கிறது என்றால் அது பாக்குலோவைரஸ் குடும்பமே இல்லை. காண்டாமிருக வண்டைக் கொல்லும் ஓரிக்டிஸ் வைரஸ் இப்படித்தான்: 127,615 கார இணை, நூடிவைரஸ் என்ற உறவுக் குடும்பம், சுமார் இருபது மரபணு பாக்குலோவைரஸோடு பொது. ஜிசி (ஜி, சி எழுத்துகளின் பங்கு) 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கினால் பூச்சிப் பாக்ஸ்வைரஸ் பக்கம் திரும்புங்கள்; அம்சாக்டா பாக்ஸ்வைரஸ் 232,392 கார இணை, அதில் ஏடி மட்டும் 82 சதவீதம்.

புதிய மரபணு நிறைய வருகிறது

பத்துக்கு மேல் ‘தனித்த’ மரபணு வந்தால் மகிழ்ச்சியைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். 50 முதல் 70 அமினோ அமில நீளத்தில், மேலே புரோமோட்டர் குறி எதுவும் இல்லாமல், எச்ஆர் பகுதிக்குள் கிடப்பவற்றை நீக்குங்கள், பெரும்பகுதி கரைந்துவிடும். மிச்சத்தை வரிசை ஒப்பீட்டுக்கு விடாமல், எச்எச்ப்ரெட் மாதிரி வடிவ ஒப்பீட்டுக்கு அனுப்பலாம்.

ப்ரோ குடும்பம் (ஒரே ஜீனோமில் பல பிரதியாக வரக்கூடிய மரபணுக்கள்) தனித் தலைவலி. ஏசிஎம்என்பிவி-யில் ஒன்று, பட்டுப்புழு என்பிவி-யில் ஐந்து, ஜிப்சி அந்துப்பூச்சி என்பிவி-யில் 16. ப்ரோ-ஏ, ப்ரோ-பி என்ற பெயர்கள் அந்தந்த ஜீனோமில் வரும் வரிசைப்படி வைத்தவை. ஒரு வைரஸின் ப்ரோ-ஏ இன்னொன்றின் ப்ரோ-ஏவுக்கு இணை என்று நினைத்தால் ஏமாற்றம்தான். இருவழிச் சிறந்த பொருத்தமும் (இரு மரபணுவும் ஒன்றுக்கொன்று சிறந்த ஜோடியாக வருவது) இங்கே வழி தப்பும். குடும்பம் முழுவதற்கும் மரம் போட்டுப் பார்த்துவிட்டு, தெளிவாக ஜோடி சேராதவற்றை ஒப்பீட்டிலிருந்து விலக்குங்கள்.

பாலிஹெட்ரின் மரமும் லெஃப்-8 மரமும் ஒத்துப்போகவில்லை

ஏசிஎம்என்பிவி அருகில் இந்தச் சிக்கல் வந்தால் பிழை உங்களுடையது அல்ல. அதன் பாலிஹெட்ரின் மரபணு ஒட்டுப்போட்டது: சில பகுதிகள் முதல் குழுவோடும் சில பகுதிகள் இரண்டாம் குழுவோடும் ஒத்துப்போகின்றன. அந்த ஒரு மரபணுவை வைத்து மரம் போட்டால் அது தன் கூட்டத்தை விட்டு விலகி நிற்கும். பாலிஹெட்ரினைத் தனியாக நம்பாமல் லெஃப்-8, லெஃப்-9 இரண்டையும் சேருங்கள். முழு ஜீனோம் கையில் இருந்தால் கோர் மரபணுப் புரதங்கள் அனைத்தையும் ஒட்டி, மரம் போடும் ஐக்யூட்ரீ மென்பொருளில் போடுங்கள்.

இனம் பிரிக்க, 2006-இல் வெளியான அளவுகோலைத்தான் பெரும்பாலோர் எடுக்கிறார்கள்: பாலிஹெட்ரின், லெஃப்-8, லெஃப்-9 ஆகிய மூன்று மரபணுவின் கிமுரா இருகாரணித் தொலைவு (வரிசை வேறுபாட்டின் அளவு) 0.015-க்குக் கீழே என்றால் ஒரே இனம், 0.05-க்கு மேல் என்றால் வேறு இனம், இடைப்பட்டால் எந்தப் பூச்சியைத் தாக்குகிறது என்பது போன்ற கூடுதல் தகவல் தேவை. தொலைவு சந்தேகப்படும்படி சிறியதாக வந்தால், பிரைமர் ஒட்டிய இரு ஓரத்தையும் எம்13 வாலையும் (வாசிப்புக்காகப் பிரைமரோடு சேர்த்த வரிசை) வெட்டினீர்களா பாருங்கள். அந்த எழுத்துகள் வைரஸுடையவை அல்ல, பிரைமருடையவை. எல்லா மாதிரியிலும் ஒன்றாகவே இருந்து தொலைவைச் சுருக்கும். பெரியதாக வந்தால் குரோமட்டோகிராமில் (வரிசை வாசிப்பின் வரைபடம்) இரட்டை உச்சிகளைத் தேடுங்கள். பல இடங்களில் தெரிந்தால் மாதிரியில் இரண்டு வைரஸ் கலந்திருக்கிறது.

அமைப்பு ஒப்பீட்டு வரைபடத்தில் கோடுகள் தாறுமாறாகப் பாய்கின்றன

பெரும்பாலும் தொடக்கப் புள்ளிதான். வழக்கப்படி பாலிஹெட்ரினின் ஏடிஜியில் உள்ள ஏ எழுத்தே 1. ஆனால் ஏசிஎம்என்பிவி சி6 பதிவு இதைப் பின்பற்றவில்லை. அங்கே பாலிஹெட்ரின் எட்டாவது ஓஆர்எஃப். எல்லா ஜீனோமையும் பாலிஹெட்ரின் அல்லது கிரானுலின் (ஜிவி-யில் அதன் இணை) தொடக்கத்துக்குச் சுழற்றி, அந்த மரபணு முன்னோக்கி ஓடும்படி இழையைத் திருப்பிவிட்டு ஜீனோம்களை ஒப்பிடும் மாவ் கருவியில் போடுங்கள். அதற்குப் பிறகும் தலைகீழாக நிற்கும் பகுதிதான் பேச வேண்டிய தலைகீழ்.

டிஎன்-டிஎஸ் விகிதம் (அமினோ அமிலத்தை மாற்றும் மாற்றங்களுக்கும் மாற்றாதவற்றுக்கும் உள்ள விகிதம்) விபரீதமாக வந்தால் டிஎஸ்ஸை மட்டும் தனியாகப் பாருங்கள். 2-ஐத் தாண்டினால் மாற்றங்கள் நிறைந்து வழிந்துவிட்டன. அந்த ஜோடி இந்த ஒப்பீட்டுக்கு உதவாது.

எல்லாம் ஏசிஎம்என்பிவி-யோடு 100 சதவீதம் ஒத்துப்போகிறது, பாலிஹெட்ரின் மட்டும் இல்லை

வயல் மாதிரியில் இப்படி வந்தால் புது வகை கிடைத்தது என்று எண்ண வேண்டாம். அதே இடத்தில் கனாமைசின் எதிர்ப்பு மரபணு, மினி-எஃப், லாக்-இசட் துண்டு மூன்றையும் தேடுங்கள். இருந்தால் அது ஆய்வகத்தில் புரத உற்பத்திக்குப் பயன்படும் பேக்மிட் (பாக்டீரியாவில் வளர்க்கும்படி மாற்றிய வைரஸ் ஜீனோம்). பக்கத்து மேசையிலிருந்து பைப்பெட் வழியாக வந்திருக்கிறது. டிஎன்ஏ பிரித்த நாளில் புழு இல்லாமல் ஓட்டிய வெற்று மாதிரி ஒன்று ஃப்ரீசரில் இருந்தால் அதிலும் லெஃப்-8 பிசிஆர் போட்டுப் பாருங்கள். பட்டை வந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் தூக்கி எறிந்துவிட்டு, கார்பனேட் கரைசலில் இருந்து மறுபடி தொடங்க வேண்டும்.